லோர்னாவுக்குக் கலந்து கொடுத்தது

ப்ளூபெர்ரியோடு தயிரும் தேனும் சேர்த்து அடித்தால் எந்தப் புளிப்பும் அடங்கிவிடும். லோர்னாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். போலீஸ் சோதனைக்கென்று என் மிக்ஸியை எடுத்துப்போயிருக்கிறீர்களாம், அவசியமே இல்லை, ஆபீசர், நானே சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டுக்காரி அவள். மார்பில் புற்றுநோய் வரும்வரை எங்களுக்குள் கையசைப்போடு சரி. மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டது; நான் போனேன். நரம்பில் மருந்து இறங்கும் நேரமெல்லாம் சீட்டாடுவோம்.

"நோயாளிகிட்டயே ஏமாத்துறியாடி, ஆர்டிஸ்?" என்று சிரிப்பாள். என் கணவர் போன பிறகு இந்த டுலூத் ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

கோடையில், கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். திரும்பும் வழியில் ஏரிக்கரையில் காரை நிறுத்தச் சொன்னாள்.

"சிகிச்சை முடிஞ்சதும் அரிசோனாவுக்கு மகன்கிட்டயே போயிடப் போறேன். இங்க பனி அள்ளி அள்ளியே இடுப்பு போச்சு."

"நல்லதுதானே," என்றேன். வேறென்ன சொல்வது?

ஓய்வு பெறும்வரை ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தவள் நான். அங்கே ஒரு சோதனையில், தட்டில் முதலில் வைட்டமினைக் கலந்துவிட்டுப் பிறகு மருந்தை விட்டோம். சாக வேண்டிய செல்கள் சாகாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நர்ஸும் எச்சரித்தாள்: "வைட்டமின் மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்கம்மா. மருந்து வேலை செய்யாமப் போகலாம்."

தலையாட்டினேன். மறுநாள் காலையிலிருந்து வைட்டமின் சி, வைட்டமின் ஈ இரண்டையும் பொடித்து அவள் கோப்பையில் கலந்தேன். கை நிறையவே போட்டேன். கொல்ல நினைக்கவில்லை. சிகிச்சை இன்னொரு குளிர்காலம் நீண்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கட்டி மறுபடி வளர்ந்தது. கல்லீரலுக்கும் பரவியது. "நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவ்வளவு நெருக்கமாக யாரும் என்னிடம் இருந்ததில்லை.

பனிப்புயலில் மகனின் விமானம் வரவில்லை. அவள் கண்மூடியபோது கையைப் பிடித்திருந்தவள் நான்தான்.

தெரிந்தேதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே சொல்லுங்கள், அரிசோனாவில் அவளுக்கு யாரைத் தெரியும்? பாவம், தனிமையிலேயே செத்துப்போயிருப்பாள்.