மயிலையும் செவலையும் பிரிஞ்ச கணக்கு

— அப்ப மயிலையையும் செவலையையும் பிரிச்சுப் பூட்டச் சொன்னது நீதானா, சுந்தரி? உன் மாமா காலையில இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்காவ, கேட்டியா. சோடியாவே பாத்து வாங்கின மாடு.

— நான்தான் அத்தே. ஆனா ரெண்டு வண்டி அரிசியும் குற்றாலம் போய்ச் சேந்துட்டுல்லா.

— அதான் எப்படின்னு கேக்கேன். மத்த வண்டி மாடு காரியும் புல்லையும் சேந்தா சவம் நடுரோட்டுல படுத்துக்கிடுமே.

— அதாவது அத்தே, மயிலையும் செவலையும் சேந்தா பத்து மூட்டை இழுக்கும். மத்த ரெண்டும் சேந்தா ரெண்டே மூட்டை. மொத்தம் பன்னெண்டு. மயிலையோட காரி, செவலையோட புல்லைன்னு மாத்தினா, வண்டிக்கு ஏழு.

— பதினாலு. நல்ல சோடியக் கெடுத்து மொத்தத்தைக் கூட்டிட்டே. இதுக்கா பம்பாய்ல உனக்குச் சம்பளம் குடுக்கான்? நாலு மாட்டுக்கு நானே விரலை மடக்கிச் சொல்லிருவேனே.

— நானூறு மாடுன்னா? ஒவ்வொரு விதமா சேத்துப் பாக்க நம்ம ஆயுசும் பத்தாது, கம்ப்யூட்டருக்கும் பத்தாது. பாக்காமலே கண்டுபிடிக்க வழி எழுதி, அட்டையில ஓட்டை போட்டு கம்ப்யூட்டருக்குள்ள விடுதேன். அதே வழியத்தான் இங்கன கையால போட்டேன்.

— பாக்காம எப்படிட்டி தெரியும்?

— முதல்ல ஏதோ ஒரு சோடி போட்டுக்கிடணும். பொறவு இதை அவுத்து அதுல பூட்டினா மொத்தம் கூடுதான்னு தேடிட்டே போவணும். கூட்ட வழியே இல்லைன்னா அதான் முடிவு. ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிடும். மூணு மாடு, எதை எதோட பூட்டினாலும் ஒத்துப் போகும்னு வைங்க.

— ஒண்ணு ஒத்தையா நிக்குமே.

— அங்கதான் கணக்கு சுத்திச் சுத்தி வந்துட்டு. நானும் அழாத குறை. பொறவுதான் ஒருத்தர் எழுதினதைப் படிச்சேன். மூணையும் ஒரே மாடா நினைச்சு மொட்டு மாதிரி மூடிக்கிடணுமாம். மூடிட்டு மேல போவணும். வழி கெடச்ச பொறவு இதழைப் பிரிச்சா, மூணுல எது வெளி மாட்டோட சேரணும்னு தன்னால தெரிஞ்சிரும்.

— மூடிட்டுப் போயி, பொறவு திறக்கது. அடி ஆத்தே, என்ன அழகா யோசிச்சிருக்கான். அதை நீயும் புரிஞ்சு கம்ப்யூட்டருக்கும் புரிய வச்சிருக்கே. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து படுத்த மாட்டை அடிச்சுத்தான் எழுப்பிக்கிட்டு இருக்கோம், கேட்டியா.

— அத்தே, எப்ப வேலைக்கு வருவேன்னு கேட்டு ஆபீஸ்ல இருந்து வந்த தந்திக்கு இன்னைக்குப் பதில் போவலைன்னா வேற ஆள் போட்டுருவாங்க.

— தெரியும். அந்த மொட்டுக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு.

— சொல்லி என்ன அத்தே ஆவப்போவுது? எம் மவன் கைலாசம்தான் சம்பாதிக்கானே, கல்யாணத்துக்குப் பொறவு நீ எதுக்கு வேலைக்குப் போவணும்னு மாமா சொல்லிட்டாங்கல்லா.

— காலையிலயே நான் உன் ஆபீசுக்குத் தந்தி அடிச்சாச்சு, நீ திங்கக்கிழமை வேலைக்கு வந்துருவேன்னு. ராத்திரி உன் மாமா சண்டைக்கு வருவாவ. எடுத்துச் சொல்ல எனக்கு விவரம் வேண்டாமாட்டி?