நார்க் கொட்டகைப் பிள்ளைகள்

உச்சி வெயில் நேரம். சித்தையன்கோட்டையைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்குள் போகும் மண்ரோடு... ஈ காக்கை கிடையாது. இது நம் ஊர்ச் சடையாண்டியின் சித்தி ஒச்சாயிக்கு நடந்தது. மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. தனிக்கட்டை.

தோப்பில், பூட்டிக் கிடக்கும் கொட்டகைக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறதென்று யாரோ போன் செய்திருந்தார்கள். ஜீப் ஓட்டிவந்த ராயப்பராஜ் கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். மக்கிய தேங்காய் நார் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை...

தோப்புக்காரனைப் பிடிக்க ஆள் கேட்டு ராயப்பராஜ் வெளியே வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார். ஒச்சாயி உள்ளே போனாள். இருட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

"பயப்படாதீக. போலீசுதேன். வாங்க."

ஏழெட்டு வயதுப் பெரியவள் வலது கையைப் பிடித்தாள். காய்ச்சல் கொதித்தது. சின்னவள் இடது கையைப் பிடித்தாள். அந்தக் கை... ஈரமண் மாதிரி.

ஜீப்பின் பின்சீட்டில் இருவரையும் இருபுறமும் வைத்துக்கொண்டாள். பெரியவள் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

"தங்கச்சிக்குங் குடு ஆத்தா," என்றாள் ஒச்சாயி.

ராயப்பராஜ் கண்ணாடியில் பார்த்தார். "யாருக்கு ஏட்டம்மா? ஒத்தப் பிள்ளையத்தான ஏத்துனீக? கைய ஏன் அப்புடி மடக்கி வச்சிருக்கீக?"

இடப்பக்கம் சீட் காலி. விரல்கள் மட்டும் எதையோ பற்றியபடி... விரிக்க வரவில்லை.

மாலையில் நார்க் குவியலைத் தோண்டினார்கள். சின்னவள் செத்துப் பல நாள் ஆகிவிட்டதென்றார் டாக்டர். வேலைக்கென்று கூட்டிவந்து அடைத்துப்போட்ட அக்கா தங்கை. தோப்புக்காரனை ஜெயிலில் தள்ளினார்கள். ஒச்சாயி மறுநாளும் டூட்டிக்குப் போனாள். சாப்பிட்டாள், தூங்கினாள். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ நாரை அடைத்துவைத்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் காப்பகத்துக்குப் போனாள். பெரியவள் தேறியிருந்தாள்.

"தங்கச்சிய நெனச்சு அழுகுறியாத்தா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அவதான் உங்க கூட வந்துட்டாள்ல. இங்கன இருக்க மாட்டாளாம். உங்க வீட்டுலயே இருந்துக்கிறாளாம்."

ஒச்சாயி வெளியே வந்து ஜீப்பின் பின்சீட்டில் ஏறினாள். பிறகு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"வண்டிய எடுங்க."

ராயப்பராஜ் எடுக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலி இடத்தில்... சீட் லேசாக அமுங்கியது.