அத்தானுக்கு எழுதிய தாள்

வாங்கிய பொருளோடு வரும் கையேட்டை யாரும் படிப்பதில்லை. பதினாறு வருஷமாக அதை எழுதியே சாப்பிடுகிறவன் சொல்கிறேன், நம்பலாம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது தெர்மோகோல். அடுத்தது நான்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். காகிதமும் பேனாவும் கேட்டது நான்தான். பேசினால் எனக்கு நாக்குக் குழறும், எழுதினால் வரிசை தப்பாது. நீங்கள் அந்த ஒற்றைத் தாளை மேசைமேல் வைத்ததிலிருந்து என் கண் அதிலேயே போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, தெரிந்திருந்தால் மற்றது புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி தோட்டக் கருவிகளை வரவழைத்து விற்கிறது. புல்வெட்டி, மருந்து தெளிப்பான், மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம். எல்லாவற்றுக்கும் கையேடு எழுதுவது நான் ஒருவன்தான். அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் என் அக்காவின் கணவர். அத்தான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் தலையை எண்ணிவிட்டுத்தான் ஏறுவார். இருமல் மருந்து வாங்கினால் உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து முடிப்பதற்குள் இருமலே நின்றுவிடும். அச்சில் இருந்தால் அவருக்கு வேதவாக்கு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

போன மாதப் புயலில் அக்கா வீட்டுக் கொல்லையில் இருந்த பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. மதில் சுவரிலிருந்து துணி துவைக்கும் கல் வரை குறுக்கே கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை, ஊரெல்லாம் மரம் விழுந்திருந்தது. அத்தான் எங்கள் கம்பெனி ரம்பத்தையே வாங்கினார். மச்சினன் கம்பெனி என்கிற பாசம்தான். பெட்டியைத் திறந்து, ரம்பத்தைத் தொடாமல், கையேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பென்சிலோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளே, சின்ன விஷயம்தான். பதினொண்ணாம் பக்கம் பாரு. வேலை செய்யும்போது சங்கிலி சூடாகித் தளரும், நிறுத்திட்டு இறுக்கணும்னு போட்டிருக்கே. அங்க பிளக்கைப் பிடுங்கச் சொல்லலையே. நீ சொன்னபடியே செய்யறவன் கை என்ன ஆகும்?”

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பே ஒரு தச்சருக்கு ஆகியிருந்தது. இறுக்கும்போது விசையில் கை பட்டு ரம்பம் ஓடி, வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டன. அவருடைய மகள் கம்பெனிக்குக் கடிதம் போட்டிருந்தாள். அப்பா புத்தகத்தில் இருந்தபடிதான் செய்தார் என்று எழுதியிருந்தாள். கையேடு சம்பந்தப்பட்ட கடிதம் என்பதால் அது நேராக என் மேசைக்கு வந்தது. அதை அடி டிராயரில், பழைய அச்சுப்படிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். பதில் போடவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் எந்தப் போன் அடித்தாலும் அந்தப் பெண்தான் என்று நினைப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எட்டு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

“கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடப்போறேன்” என்றார் அத்தான். “உன் பேரு வராது, பயப்படாதே. அச்சுல விட்டுப்போச்சுன்னுதான் எழுதுவேன். நாலு பேர் கை தப்பிச்சா நல்லதுதானே.”

அவர் பயப்படாதே என்று சொன்னதும்தான் எனக்குப் பயம் முழுசாக வந்தது. கடிதம் மேலாளர் கைக்குப் போகும். இதுபோல வேறு புகார் உண்டா என்று மேலாளர் கேட்பார். டிராயர் திறக்கும். வேலை போவது ஒரு பக்கம், கேஸ் ஒரு பக்கம், அந்தத் தச்சர் என் எதிரே வந்து கையை நீட்டிக் காட்டுவது ஒரு பக்கம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

“ஒரு வாரம் பொறுங்க அத்தான். திருத்தின தாளை நானே கொண்டுவரேன். அப்புறம் லெட்டர் போடலாம்” என்றேன். அவர் பொறுத்தார்.

அந்த வாரம் தயாரித்ததுதான் இந்தத் தாள். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே தெளிவானது இது என்று சொல்வேன். தகட்டை எப்படிப் பொருத்துவது, சங்கிலியின் பற்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு இறுக்கம், எண்ணெய் எங்கே ஊற்றுவது, ஒயர் காலுக்குப் பின்னால் கிடக்க வேண்டும் என்பது வரை எல்லாம் உண்டு. விட்டுப்போன வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

கடைசிப் பத்தி மட்டும் வேறு புத்தகத்திலிருந்து எடுத்தது. மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான பெரிய ரம்பத்தின் கையேடு அது. அடிமரம் மிகத் தடிமனாக இருந்தால் அவர்கள் ரம்பத்தின் மூக்கையே, அதாவது சங்கிலி ஓடும் தகட்டின் நுனியையே, முதலில் மரத்துக்குள் செலுத்துவார்கள். அந்தப் பத்திக்கு மேலே ஒரு வரி இருந்தது. பயிற்சி இல்லாதவர் இதைச் செய்யவே கூடாது, ரம்பம் முகத்தை நோக்கி உதைக்கும் என்ற வரி. அந்த ஒரு வரியை நான் எடுத்து எழுதவில்லை. தாளில் பொய்யாக எதுவும் எழுதவில்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ரம்பம் ஒரு தடவை துள்ளும், அத்தான் பயந்துபோவார், இது நமக்கு ஒத்துவராது என்று பரண்மேல் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். பரணில் கிடக்கும் பொருளைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. பயந்தவன் வாயைத் திறக்க மாட்டான் என்பது எனக்கு அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாளைக் கொண்டுபோனேன். அத்தான் முதலில் அந்தத் தடித்த வரியைத் தேடி அதன் ஓரத்தில் பென்சிலால் சரி போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. கடைசிப் பத்திக்கு வந்ததும் நின்றார்.

“பழைய புத்தகத்துல மூக்கு மரத்துல படவே கூடாதுன்னு போட்டிருந்ததே?”

“அது பழைய மாடலுக்கு அத்தான்.”

“அப்படியா. நீ எழுதறவன், உனக்குத் தெரியாததா.”

என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு. பழைய புத்தகத்தில் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு எழுந்தார். கையுறை, கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தவரைப் பார்த்து அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து, “கல்யாணத்துக்குக்கூட இவர் இவ்வளவு ஜோடிச்சுக்கலை” என்றாள். மூவருமே சிரித்தோம்.

அவருக்கு இரண்டு கையும் ரம்பத்தில் இருக்கும் என்பதால் தாளை நான் படிக்க வேண்டும், அவர் செய்வார் என்று ஏற்பாடு. தாளில் எழுதியதற்கு ஒரு நூல் கூடவோ குறையவோ செய்யவில்லை. இருபது நிமிஷத்தில் சின்னக் கிளைகள் எல்லாம் துண்டு துண்டாக விழுந்தன. நடுவில் நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கினார். சங்கிலியை இறுக்கினார். என்னைப் பார்த்து, “பாத்தியா, உன் வரி வேலை செய்யுது” என்றார். மறுபடி பிளக்கைச் செருகிவிட்டு அடிமரத்துப் பக்கம் போனார்.

“அடுத்தது படி மாப்பிள்ளே.”

நேரம் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. பிளக் என் காலடியில் இருந்தது. வேண்டாம் அத்தான் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் ஏன் என்று கேட்பார். எதற்கும் ஏன் என்று கேட்கிறவர். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். அவர் பக்கம் பார்க்காமல் தாளைப் பார்த்துப் படித்தேன். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். அவர் படித்தபடி செய்தார்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கும், நான் எழுத வேண்டியதில்லை. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றதும் ஜன்னலில் அக்கா நின்றிருப்பது தெரிந்தது.

அன்று வந்த உங்கள் ஆட்களிடம், அத்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒருநாள்கூட அவசரப்படாத மனிதர் அவர். எல்லோரும் தலையாட்டினார்கள். சந்தடி அடங்கியதும் அவர் மேசையில் கடிதம் ஏதும் எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் நெஞ்சு படபடப்பு நின்றது. தாளை எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது அது ஏற்கெனவே அக்காவின் கையில் இருந்தது. அவர் போட்ட பென்சில் குறிகள் இருந்ததால் அதை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. கைப்பையிலிருந்து அதே தாளை எடுத்தாள். டைப் அடித்த புதுப் பிரதி ஒன்றும் கூடவே இருந்தது.

“ஆனைக்கும் அடி சறுக்கும்னு ஆயிடுச்சுடா. அவ்வளவு நிதானமா இருக்கிறவருக்கே இப்படின்னா மத்தவங்களை நினைச்சுப் பாரு. மரம் விழுந்த வீடு எங்க தெருவுலயே இருபது இருக்கு. ஆளாளுக்கு இந்த மிஷினை வாங்கறாங்க. ஒருத்தரும் புத்தகத்தைப் பிரிக்கறதில்லை. நீ எழுதினது ஒரே பக்கம், யாருக்கும் புரியும். ஐந்நூறு காப்பி போடப்போறேன். கடைக்காரர் ஒவ்வொரு ரம்பத்தோடயும் சேர்த்துக் குடுக்கறேன்னு சொல்லிட்டார். அவர் இருந்தா இதைத்தான் செஞ்சிருப்பார்.”

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பத்தியை எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. எதற்குடா எடுக்கச் சொல்கிறாய் என்று அவள் கேட்பாள். முப்பது வருஷம் அத்தானோடு வாழ்ந்தவள், கேட்காமல் விடமாட்டாள். ஜன்னலில் நின்று பார்த்தவளும் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்வதை நினைத்தபோது, முன்பு பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

முந்தாநாள் மரம் அறுக்கும்போது இறந்த லாரி ஓட்டுநரை எனக்குத் தெரியாது. அவர் சட்டைப்பையில் இந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது என்கிறீர்கள். அவர் படித்திருக்கிறார். இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். கடை காலை ஒன்பதுக்கே திறந்துவிடும்.

அக்காவின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தாள். அச்சுக்குக் கொடுக்குமுன் பேனாவை என்னிடம் நீட்டி, “ஒரு தடவை பிழை பாத்துக் குடுடா, எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா” என்றாள். வரி வரியாகப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, அச்சிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.