நான்கு மணிப் பேருந்தும் எழுதாமல் விட்ட பலகையும்

ஜவ்வரிசி ஆலையின் கிழங்குப் பிரிவு மேற்பார்வையாளர், உயர்திரு. செல்லமுத்து அவர்கள் பணி நிறைவு பெறும் நாளில் ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல். கள்ளக்குறிச்சி, 30.6.1988.

தொட்டியின் நிலையறிந்து தோட்டத்திற்குத் தேதி குறித்த திட்டச் செம்மலே! மலைக்கும் ஆலைக்கும் இருபத்தாறு ஆண்டுகள் நடுநின்ற நேர்மையாளரே! வணங்குகிறோம். வாழ்த்த வந்த எங்கள் நா இன்று வறண்டு கிடக்கிறது, பொறுத்தருள்க.

தாங்கள் வருமுன் இங்கே இருந்த நிலை என்ன? கிழங்குப் பிரிவு தன் போக்கில் விவசாயிகளுக்குத் தோண்டும் நாள் கொடுக்கும். உற்பத்திப் பிரிவு தன் போக்கில் மாவு படியும் தொட்டிகளைக் கழுவும். தோண்டிய இரண்டாம் நாளே கறுக்கத் தொடங்கும் மரவள்ளி, வாசலில் மூன்று நாள் லாரியிலேயே கிடக்கும். அடுத்த வாரமோ கிழங்கே வராமல் அரவை நிற்கும்.

எடைமேடை அறையில் ஒரு கரும்பலகையை மாட்டினீர்கள், ஐயா! எத்தனை தொட்டி காலி, களத்தில் காய இடம் எவ்வளவு என்று உற்பத்திப் பிரிவு ஒரு பாதியில் எழுதும். அதைப் பார்த்த பிறகே எந்த ஊருக்கு எத்தனை லாரி என்று மறுபாதியில் தாங்கள் எழுதுவீர்கள். மாற்றம் எதுவானாலும் மாலை நான்கு மணிக்குள் பலகையில் ஏறியாக வேண்டும். ஏனென்றால் நான்கு மணிக்குக் கரியாலூர் பேருந்து கிளம்பும்; தோண்டும் நாள் குறித்த தங்கள் சீட்டு நடத்துநர் கையில் மலையேறும். "செல்லமுத்து சார் சீட்டு வந்துச்சுன்னா கண்ண மூடிக்கினு தோண்டலாம்" என்று மலையில் பேச்சு. அந்தப் பெயரைத்தான் நாங்கள் கெடுத்தோம்.

சென்ற ஆண்டு இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. அதற்கு முந்தைய நாள் தாங்கள் மகளின் வளைகாப்புக்காகத் திருநாவலூரில் இருந்தீர்கள். நாளை முதல் லாரி ஓடாது என்ற செய்தி, பகல் இரண்டு மணிக்கே தொலைபேசியில் எங்களுக்கு வந்துவிட்டது. நாற்பது லாரிக்கான சீட்டு ஏற்கெனவே மலைக்குப் போயிருந்தது. பலகையில் ஒரு வரி எழுதி, பேருந்தில் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினால் போதும். "அது கெழங்குக்காரங்க வேல" என்றது உற்பத்திப் பிரிவு. "மொதல்ல தொட்டிக்காரங்க எழுதட்டும்" என்றது கிழங்குப் பிரிவு. சுண்ணக்கட்டியை யாரும் தொடவில்லை. பேருந்து போய்விட்டது.

மறியல் சேதி காதில் விழுந்தும், தங்கள் சீட்டை நம்பி மலை மக்கள் தோண்டினார்கள். எட்டாம் நாள் தாங்கள் கரியாலூர் போனபோது, ஓராண்டு வெள்ளாமை குவியல் குவியலாக அழுகிக் கிடந்தது. "உங்க சீட்ட நம்பித்தான சார் தோண்டுனோம்? மண்ணுக்குள்ளயே வுட்டிருந்தா ரெண்டு மாசம் கெடந்திருக்குமே. இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்று அவ்வூர் விவசாயி சின்னக்கண்ணு கேட்டார். நிர்வாகம் விளக்கம் கேட்டபோது, "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஐயா!

அதன்பின் மலையில் தங்கள் சீட்டை யாரும் நம்பவில்லை. "இது யாரு எழுதுனது?" என்று நடத்துநரைக் கேட்டுவிட்டுத் திருப்பியே அனுப்பினார்கள். தங்கள் உழைப்பெல்லாம் அப்படித் திரும்பி வந்ததை, தினமும் மாலையில் வாங்கி மேஜைக்குள் வைத்தீர்கள்.

இன்று கடைசி வரிசையில் சின்னக்கண்ணு அமர்ந்திருக்கிறார். தங்களைப் பார்க்க அவர் வரவில்லை. உண்மை ஒன்றைச் சொல்கிறோம் என்று நாங்கள் கெஞ்சி அழைத்ததால் வந்தார். அவர் கேட்கவே இதை உரக்க வாசிக்கிறோம்.

நோயின்றி நெடுநாள் வாழ்க! பேரப்பிள்ளைகள் சூழ நிம்மதியாக வாழ்க! இந்த மடலைச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. எடைமேடை அறையில், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம். அன்று தங்கள் விளக்கக் கடிதத்தில் போட்டிருக்க வேண்டிய கையெழுத்துகளை இதில் போடுகிறோம்.

தொலைபேசியை எடுத்த கமலா
உற்பத்திப் பிரிவு இளவரசன்
கிழங்குப் பிரிவு தமிழழகன்
மற்றும், அன்று பலகையைப் பார்த்தும் எழுதாமல் போன ஊழியர்கள் அனைவரும்