டிரைவர் இல்லாத ரயிலு

இல்ல தங்கச்சி, நான் அருவியில குளிக்க வரல. ஒருத்தர் மொகத்தப் பாக்க வந்திருக்கேன். நாலு வருசமாச்சு பாத்து. நீ இங்கன உக்காரு. ஆம்பளப் பக்கம் வரிச பாலம் வரைக்கும் நிக்குது. எண்ண தேச்சு மசாஜ் வேற முடிச்சுட்டுல்லா உன் வீட்டுக்காரர் வரணும். நம்ம பக்கந்தான் சுளுவா முடிஞ்சிரும். பிள்ளைக்குத் தல ஈரமா இருக்கு, இந்தா துண்டு.

பொம்ம ரயிலக் கைய விட்டு எறக்க மாட்டான் போலயே. சிங்கப்பூர்ல வாங்கினதா? ம்ம். எங்க வீட்டுக்காரவியளும் அங்கனதான், பதினோரு வருசமா. எங்க வீடு மேலகரம், இந்தா நடந்து போற தூரம். உன் வீட்டுக்காரருக்கு எந்த ஊரு? மதுரைன்னா சொன்னாரு? சரி, சரி.

மொதல்ல அவிய பழைய ரயில்ல வேலைக்குப் போவாவ. அதுல முன்னால டிரைவர் ரூம்பு, கதவச் சாத்தி வச்சிருப்பான், பாக்க ஒண்ணும் கெடையாது. அதனால வீடியோ கால் போட்டு மொகத்தக் காட்டிட்டே வருவாவ. மீசையில மொத நரை விழுந்தத நாந்தான் சொன்னேன். போன்லயே சண்டையும் போடுவோம்.

பெறவு தங்குற ரூம மாத்துனாவ. அந்தப் பக்கம் புது ரயிலு, பூமிக்கு அடியில ஓடுது, டிரைவரே கெடையாது. உனக்குத் தெரியாததா? முன்னால முழுக் கண்ணாடி, யாரு வேணும்னாலும் நின்னு பாக்கலாம். அன்னைக்குலேர்ந்து வீடியோ கால் நின்னுபோச்சு. வீடியோ எடுத்து அனுப்புவாவ, அவ்வளவுதான். தண்டவாளமும் லைட்டும் நம்ம மேல ஓடி வரும். மொதல்ல எம் மவ பிரியாவும் நானும் வாயப் பொளந்து பாத்தோம். தெனமும் அதே குகதான். உங்க மொகத்தக் கொஞ்சம் காட்டுங்களேன்னு கேட்டா, பிள்ள பாக்கட்டும்னுதான் எடுக்கேன்னு பதிலு வரும். எந்தப் பிள்ளன்னு நான் கேக்கல. கூறுகெட்டவ.

போன பங்குனியில ஒரு வீடியோ. வண்டி நடுக் குகையில நின்னுட்டு. முன்னால ஒரே இருட்டு. கண்ணாடியில உள்ள நிக்கவங்கதான் தெரியுதாவ. போனப் பிடிச்சிக்கிட்டு அவிய நிக்காவ. அப்பா, அப்பான்னு எம் மவ துள்ளுதா. ஆசையில திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கா. நாலாவது தடவ கேக்கா, அப்பா தோள்ல உக்காந்திருக்க பையன் யாரும்மான்னு. நான் அவிய கையப் பிடிச்சிருந்த பொம்பளையப் பாத்துட்டு இருந்தேன். அடுப்புல சோறு அடிபிடிச்சு வீடே நாறுச்சு. மவ இல்லன்னா அன்னைக்கே போய்ச் சேந்திருப்பேன்.

யாருன்னு நான் கேக்கலயே. போன்ல கேட்டா இன்னொரு குகைய அனுப்புவான். ஆமா, அவன்தான். அவியன்னு சொல்ல இப்பம் வாய் வரல. மொகத்துக்கு நேரா கேக்கணும்னு இருந்தேன்.

முந்தாநாள் மெசேஜ் போட்டிருக்கான், இந்த வருசமும் லீவு கிடைக்கலன்னு. நேத்து ஆட்டோக்கார சுபாஷ் வந்து, மைனி, அண்ணாச்சி எப்பம் வந்தாவ, அருவியில பாத்தேனேங்கான். சாரல் விழுந்துட்டா இந்த ஊர்க்காரனுக்குக் குத்தாலத்துல தலைய நனைக்காம இருக்க முடியாது. களவாணியா இருந்தாலும் சரி. அதுலதான் மாட்டிக்கிட்டான்.

எதுக்கு எந்திரிக்க? இரி. உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகலன்னுதான உங்கிட்ட சொல்லிருப்பான்? அழாத, பிள்ள பயப்படுதான் பாரு. அன்னைக்கும் இவன் கையில இதே பொம்ம ரயிலுதான் இருந்துச்சு.

அந்தா, துண்டத் தோள்ல போட்டுட்டு, உன்னப் பாத்து சிரிச்சிக்கிட்டே வாரான். என்ன இன்னும் பாக்கல. கொஞ்சம் நவுந்து உக்காரு தங்கச்சி, மறைக்குது.