குழாய் வராத அடுப்பு

தொண்ணூறுகளில் ஒரு காலை, காரைக்குடி டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சலித்துக்கொண்டார்:

“புகையில்லா அடுப்பு வந்ததுலேருந்து நான் வாசல்லதான் சமைக்கிறேன்.”

“ஏங்க்கா?”

“பஞ்சாயத்துலேருந்து வந்தாக. விறகு மிச்சமாகும், இருமல் நிக்கும்னு சொல்லி, இருந்த அடுப்பை இடிச்சுட்டுப் புதுசு கட்டுனாக. புகை போற குழாய் மட்டும் அடுத்த வாரம்னாக. இன்னும் வரலை. பத்தவச்சா வீடே புகை. வாசல்ல மூணு கல்லு வச்சு, முன்னைவிட அதிகமா விறகு எரிக்கிறேன்.”

“போய்க் கேக்கலையாக்கா?”

“நேத்து அவுகளே வந்தாக. அடுப்படிய எட்டிப் பார்த்தாக. ‘பொட்டுப் புகைகூட இல்லையே, அடுப்பு நல்லா வேலை செய்யுது’ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாக.”

“நீங்க சும்மாவா இருந்தீக?”

“வாசல்ல அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தேன்டி. வாயைத் திறந்தா இருமல்தான் வந்துச்சு.”