ஐம்பத்து நான்கு படிகளும் ஒரு விசிலும்

என் மூச்சின் மீது ஒரு கண்ணும், தம் கைக்கடிகாரத்தின் மீது மறு கண்ணுமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர், நுரையீரல் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே! எண்களை எல்லாம் எறும்பு வரிசையாய் நடக்கவைக்கும் புள்ளிவிவர அம்மையார் அவர்களே! 'இன்னும் ஒரே ஒரு தடவை ஊதுங்க' என்று சொல்லிச் சொல்லியே எங்களை ஒன்பது தடவை ஊதவைக்கும் பயிற்சியாளர் தங்கையே! தள்ளாத வயதிலும் தள்ளிப்போடாமல் வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை விட்டுவிட்டு அல்ல, அதையும் முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இருமிக்கொண்டே கைதட்டும், கைதட்டிக்கொண்டே இருமும் என் இனிய சக நோயாளிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை ஒரே மூச்சில் சொல்ல ஆசைப்பட்டேன். ஏழு மூச்சு ஆகிவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

நான் மருத்துவன் அல்ல, பேராசிரியன் அல்ல. முப்பத்தோர் ஆண்டுகள் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். ஆகவே கூட்டத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை. கூட்டம் உட்கார்ந்திருப்பதைக் கண்டால்தான் கொஞ்சம் பயம், பழக்கமில்லை பாருங்கள். வாசலில் நிற்கிற அந்த அன்பர்கள்... உள்ள வாங்க சார், உள்ள எவ்வளவு இடம் கிடக்கு! முன்னாடி போங்க, முன்னாடி போங்க! பார்த்தீர்களா, ஆள் ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறவில்லை.

கண்டக்டருக்கு அழகு எது? சட்டையா? காதில் செருகிய பேனாவா? இல்லை ஐயா, இல்லை. விசில்! ஒரு விசிலில் வண்டி நிற்கும், இரண்டு விசிலில் வண்டி பறக்கும். அந்த விசிலை ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில், பள்ளிக்கூட ஸ்டாப்பில், வாயில் வைத்து ஊதினேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினேன். அந்தக் காற்றும் வரவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், வண்டியே எங்கள் இருவரையும் பார்க்கிறது.

"என்னப்பா, விசில் ரிப்பேரா?" என்றார் டிரைவர்.

"விசில் நல்லாத்தான் இருக்குண்ணே. நான்தான் ரிப்பேர்" என்றேன்.

பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். மேடையில் இதைச் சொல்லலாமா என்று என் மனைவி நேற்றுக் கேட்டாள். அழுததில் என்ன வெட்கம்? வருகிற அழுகையை அடக்கி வைக்க எனக்கு மூச்சு ஏது?

முப்பத்தோர் ஆண்டுகள் விழுங்கிய புகையும் தூசும் என் நெஞ்சுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன என்றார் மருத்துவர். ஐந்து ஆண்டுகள் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகுதான் இந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில், செவ்வாயும் வெள்ளியும் நடக்கிற மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு வந்தேன். பன்னிரண்டு வாரம், முடித்தவர்களும் விடாமல் வந்துகொண்டிருக்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் மாவு மில்லில் இருபது ஆண்டுகள் நின்றவர். எங்கள் எல்லோருக்கும் 'மில் அக்கா'. அதோ, மூன்றாவது வரிசையில், நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று தெரிந்து இப்போதே முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்.

தோழர்களே, எங்களைப் போன்றவர்களுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மூச்சு முட்டும். மூன்று வருடமாக மில் அக்காவுக்குத் தலை வாரிவிட்டது அவருடைய மருமகள். வகுப்பின் எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா தாமே தலைவாரிக்கொண்டு வந்து நின்றார். வகிடு கோணலோ கோணல்.

"என்னக்கா, வகிடு மலைப்பாதை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்று கேட்டேன்.

"வளைஞ்சா என்ன தம்பி? ஊர் போய்ச் சேருதில்ல!" என்றார்.

கைதட்டுங்கள், அவருக்குத்தான். நான் இந்த இடைவெளியில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வகுப்பு உண்மையிலேயே பலன் தருகிறதா என்று ஆராய, எங்களையும் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மருந்தும் வகுப்பும், பாதிப் பேருக்கு அப்போதைக்கு மருந்து மட்டும். எல்லோரும் மூன்றாவது மாடி வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். வகுப்புக்கு முன்னால் ஒரு முறை, பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு முறை. எத்தனை மீட்டர் நடந்தார்கள் என்று அளப்பார்கள். அந்த ஆய்வுக் குழுவில் நோயாளிகளில் ஒருவரும் உட்கார வேண்டும் என்று நம் தலைவர் விரும்பினார். வகுப்பே சேர்ந்து என்னைப் பிடித்துத் தள்ளியது.

என் மனைவி சொன்னாள்: "முப்பத்தோரு வருஷமா நீங்க பேசினது ரெண்டே வார்த்தை, 'முன்னாடி போங்க'. அதை அங்க போய் டாக்டருங்ககிட்டயும் சொல்லி வைக்காதீங்க!"

சொல்லவில்லை ஐயா, சத்தியமாகச் சொல்லவில்லை. முதல் இரண்டு கூட்டங்களில் நான் எதையுமே சொல்லவில்லை. நீள மேசை, குளிர்ந்த அறை, நிறையப் படித்த மனிதர்கள். நான் பூசணிக்காய் போல உட்கார்ந்திருந்தேன். ஒரு தண்ணீர்ப் புட்டியை ஒரு மனிதன் எத்தனை தடவைதான் திறந்து மூட முடியும்?

மூன்றாவது கூட்டத்தில் இடி விழுந்தது. அதுவரை இரண்டு நடையும் முடித்த அறுபது பேரின் கணக்கைப் போட்டுப் பார்த்த புள்ளிவிவர அம்மையார், "ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்ல சார்" என்றார். பயன் இல்லாத வகுப்பை மாதக் கடைசியோடு நிறுத்தி, அந்த அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கையில் இருந்த எண் அப்படிச் சொன்னது.

அன்று மாலை மில் அக்காவிடம் சொன்னேன். அவர் கை தலை வகிட்டைத் தொட்டது. பிறகு, "அப்போ மறுபடியும் மருமக கையிதானா?" என்றார்.

"வீட்டிலயே பண்ணலாமேக்கா."

"தனியாப் பண்ணா பயமா இருக்கு தம்பி. மூச்சு நின்னுட்டா யாரு பார்ப்பா?"

அந்தக் கேள்வியோடுதான் மறுவாரக் கூட்டத்தில் முதன்முதலாக வாயைத் திறந்தேன். "என் நம்பர் என்னங்க?" என்று கேட்டேன். தேடிச் சொன்னார்கள். முதல் முறை இருநூற்று எண்பது மீட்டர். பன்னிரண்டு வாரம் கழித்து இருநூற்று எண்பத்தைந்து. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியை விட்டு எழாத நான் கடைவீதி வரை போய் வருகிறேன், வெறும் ஐந்து மீட்டர்தானா?

அப்போதுதான், பெரியோர்களே, என்னுள் இருந்த கண்டக்டர் விழித்துக்கொண்டான். ஒரு பயணி எங்கே இறங்கினார் என்று மட்டும் பார்த்தால் அவர் வந்த தூரம் தெரியுமா? எங்கே ஏறினார் என்று கேட்க வேண்டாமா?

"மேடம், நீங்க வராந்தாவுல இருந்து அளக்கிறீங்க. நான் ஏறினது கீழ் வாசல்ல. ரெண்டாவது தடவை நான் படியேறி வந்தேங்க."

"படியிலயா? மூணு மாடியா? லிஃப்ட் இருக்கே!"

"லிஃப்ட் உங்களுக்கு இருக்கு மேடம். எங்களுக்கு லிஃப்ட் வரிசைதான் இருக்கு."

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஊழியர்களுக்குப் பின்பக்கம் தனி லிஃப்ட், அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். முன்பக்க லிஃப்டை அவர்கள் பல மாதமாகப் பார்த்ததே இல்லை.

"வந்ததும் பத்து நிமிஷம் உட்கார வெச்சுட்டுத்தானே நடக்க விடணும்? விதிமுறையிலேயே இருக்கே!" என்றார் அம்மையார்.

"உட்கார ரெண்டு நாற்காலி இருக்கு மேடம். ஒண்ணுல ஃபைல் உட்கார்ந்திருக்கு, இன்னொண்ணுல பிரிண்டர் உட்கார்ந்திருக்கு."

"ஓய்வு எடுத்தீங்களான்னு கேட்டப்போ எல்லாரும் ஆமான்னுதானே சொன்னீங்க?"

"வெள்ளைக் கோட்டு போட்டவங்க கேட்டா ஆமான்னுதானே மேடம் சொல்லுவோம்!"

அம்மையார் கோபித்துக்கொண்டிருக்கலாம். ஒரு பழைய கண்டக்டர் தமக்குக் கணக்குச் சொல்லித்தருவதா என்று எழுந்து போயிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த பரிசோதனை நாளில் என்னோடு கீழ் வாசலில் வந்து நின்றார். நான் ஆள்களை எண்ணினேன், அவர் எழுதினார். வகுப்புக்குப் போய் முடித்தவர்கள் பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் படியில்! மருந்து மட்டும் எடுத்தவர்கள் பத்துப் பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் லிஃப்ட் வரிசையில், சுவரோரமாக, அசதி தீர நின்று, ஆற அமர மேலே போனார்கள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடியைக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஒருவர் நின்றார். யார்? தள்ளிப்போன தம் இரண்டாவது நடைக்கு வந்த மில் அக்கா!

"ஏம்மா, லிஃப்ட்ல வரலாமில்ல?" என்று கேட்டார் அம்மையார்.

அக்கா நிமிர்ந்தார். "லிஃப்ட்ல போறதுக்கு நான் என்ன நோயாளியா?" என்றார்.

ஆகா! உடம்பு தேறியது, தேறியதும் ரோஷம் வந்தது, ரோஷம் வந்ததும் படியேறினோம், படியேறிய களைப்போடு நடந்தோம், நடந்த தூரத்தைப் பார்த்து 'இவர்கள் தேறவில்லை' என்று எழுதினார்கள்! தேறாதவர் இளைப்பாறி நடந்தார், தேறியவர் இளைத்துப்போய் நடந்தார். இந்தக் கூத்துக்கு யாரைக் குறை சொல்வது? நானும் அந்தக் கூட்டுக் குற்றவாளிதான். ஐம்பத்து நான்கு படி என்று என் மனைவியிடம் பெருமையாக எண்ணிச் சொன்னவனே நான்தான்.

அம்மையார் எங்களோடு மூன்றாவது மாடி வரை ஏறினார். உச்சியில் அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வந்தபிறகு சொன்னார்: "நாங்க இத்தனை நாள் அளந்தது உங்க மூச்சை இல்லைங்க. உங்க ரோஷத்தை."

நம் தலைவர் ஒரு வார்த்தை சுற்றி வளைக்காமல், "தப்பு எங்களோடது. திரும்ப அளப்போம்" என்றார். பெரிய நாற்காலியில் இருப்பவருக்கு அதைச் சொல்வது ஐம்பத்து நான்கு படியைவிடக் கடினம். அவர் சொன்னார். நடைப் பரிசோதனை தரைத்தளத்துக்கு வந்தது. ஃபைல் எழுந்தது, பிரிண்டர் எழுந்தது, நாங்கள் உட்கார்ந்தோம். சரியான கணக்கு வரும்வரை வகுப்பு நடக்கட்டும் என்று முடிவானது. கேள்வித்தாளிலும் மில் அக்கா ஒரு கேள்வி சேர்த்தார்: 'உங்கள் தலையை நீங்களே வாரிக்கொள்ள முடிகிறதா?'

"இதை எப்படிம்மா அளக்கிறது?" என்று ஒரு மருத்துவர் தயங்கினார்.

"சீப்பு குடுங்க, காட்டுறேன்" என்றார் அக்கா.

பிறகு ஓராண்டு, புதிய ஆள்கள், புதிய அளவை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நேராக அளந்தும் எண் எங்களுக்கு எதிராக வந்தால்? வந்திருந்தால் தலை வணங்கியிருப்போம். எங்களுக்கு வேண்டியது சாதகமான எண் அல்ல, சரியான எண். அந்த எண்ணை அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே மேடையில் அம்மையார் வாசித்தார். வகுப்புக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நாற்பத்தொரு மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறார்கள்! வகுப்பு நிற்காது என்று தலைவர் அறிவித்துவிட்டார்! இருமுகிறவர்கள் இருமிக்கொள்ளுங்கள், இன்று மகிழ்ச்சி இருமல்!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா, கடைசி ஸ்டாப் வந்துவிட்டது.

ஆய்வு செய்யும் அறிஞர்களே! உங்கள் அறிவை நாங்கள் ஐயப்படவில்லை. நுரையீரலை நீங்கள் படத்தில் பார்த்திருக்கிறீர்கள், நாங்கள் அதோடு குடும்பம் நடத்துகிறோம். நீங்கள் கேள்வி எழுதும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். அளவுகோல் செய்யும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். விடை வந்தபிறகு கூப்பிட்டுக் கைதட்டச் சொல்லாதீர்கள்! நோயாளிகளே, உங்களுக்கும் ஒன்று: வாய் விட்டுச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் 'வாங்குது' என்று சொல்லுங்கள். டாக்டரின் மனம் கோணக் கூடாதென்று நாம் சொல்லும் ஒவ்வொரு 'ஆமா'வும் ஒரு பொய்க்கணக்கு. மில் அக்காவின் வகிடு கோணலாக இருக்கலாம், நம் பதில் கோணலாக இருக்கக் கூடாது!

இவ்வளவு நேரம் என் மூச்சுக்குக் காத்திருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. தம் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்ட தலைவருக்கு நன்றி. படியேறி வந்த அம்மையாருக்கு நன்றி. முதல் வரிசையில் 'வேண்டாம், வேண்டாம்' என்று கையாட்டுகிற என் மனைவிக்கு நன்றியும் மன்னிப்பும். ஏனென்றால் என் சட்டைப்பையில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் அலமாரியில் கிடந்த சாமான். வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை, பயம். மில் அக்கா, நீங்க எண்ணுங்க... ஒண்ணு... ரெண்டு...

கேட்டுச்சா? கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா? வாசல்ல நிக்கிறவங்களுக்கு? எல்லாருக்கும் கேட்டுச்சா!

ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும் என்றேன். இதோ, இரண்டாவது. எல்லோருக்கும் வணக்கம். போலாம், ரைட்!